எட்டு டாலர் வாடகை: கலவரம் என்கிற சொல்லும் சிகாகோவின் அறைகளும்

‘இனக்கலவரம்’ என்று தலைப்பில் ஒரு சொல்லைப் போட்டுவிட்டால் நம் தினசரிகளுக்குப் பாதி வேலை முடிந்துபோகிறது. கலவரம் மூண்டது, வெடித்தது, பரவியது, அடங்கியது. இந்த வினைகளைக் கொஞ்சம் கவனியுங்கள். அத்தனையும் செயப்படுபொருள் குன்றிய வினைகள். தீயும் காய்ச்சலும் என்ன செய்யுமோ அதைத்தான் கலவரமும் செய்கிறது. யார் யாரை அடித்தார்கள், எந்தத் தெருவில், எதற்காக என்கிற கேள்விக்கு அந்த வாக்கியத்தில் இடமே கிடையாது. 1983இல் கொழும்பில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடித் தேடிக் கொளுத்தியதற்கும் ‘ஜூலைக் கலவரம்’ என்றுதான் பேர். அமெரிக்க நகரங்களைப் பற்றி எழுதும்போது இந்தச் சொல் இன்னும் சௌகரியமாகிவிடுகிறது. கறுப்பர்கள் கடையை உடைக்கிற படம் ஒன்று, அதற்குக் கீழே நாலு வரி. 2020 மே மாதம் மின்னியாபொலிஸில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் போலீஸ்காரரின் முழங்காலுக்கு அடியில் செத்த பிறகும் நமக்கு வந்து சேர்ந்தது பெரும்பாலும் இந்த நாலு வரிதான்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது ஒரே ஒரு நகரம், சிகாகோ. அதன் தெற்குப் பகுதியில் சில சதுர மைல் பரப்புக்குள் நடந்த வன்முறையை ஒரு நாவலாசிரியர், ஒரு நாடகாசிரியை, ஒரு கவிஞர், ஒரு சமூகவியல் பள்ளி, ஓர் அரசு விசாரணைக் குழு என்று பலபேர் பலவிதமாக எழுதியிருக்கிறார்கள். ஒரே இடத்தின் மேல் இத்தனை பிரதிகள் கிடைப்பது அபூர்வம். ஒன்றை வைத்து இன்னொன்றை வாசித்துப் பார்க்கலாம். கல் பறக்கிற நாளில் கதையைத் தொடங்குகிற பிரதி எது, வாடகைச் சீட்டில் தொடங்குகிற பிரதி எது என்பதுதான் என் கேள்வி. ஒடுக்கப்பட்டவர்களைப் பற்றி எழுத நினைக்கிற நம் எழுத்தாளர்கள் இந்தக் கேள்வியைத் தட்டிக் கழித்துவிட்டுப் போகமுடியாது என்று நினைக்கிறேன்.

1919 ஜூலை 27, ஞாயிற்றுக்கிழமை. மிச்சிகன் ஏரியில் யூஜின் வில்லியம்ஸ் என்கிற பதினேழு வயதுக் கறுப்புப் பையன் மிதவையில் மிதந்துகொண்டிருந்தான். இருபத்தொன்பதாம் தெருவுக்கு நேரே ஏரித் தண்ணீரில் ஒரு கோடு இருந்தது. கண்ணுக்குத் தெரியாத கோடு. அதைத் தாண்டினால் வெள்ளையர் பக்கம். பையன் தாண்டிவிட்டான். கரையிலிருந்து ஒருவன் கல் எறிந்தான், பையன் மூழ்கிச் செத்தான். கல் எறிந்தவனைக் கைது செய்ய அங்கிருந்த வெள்ளைப் போலீஸ்காரர் மறுத்துவிட்டார். அதற்குப் பிறகு நடந்ததுதான் ‘1919 கலவரம்’. 38 பேர் செத்தார்கள்; 23 பேர் கறுப்பர், 15 பேர் வெள்ளையர். ஐந்நூறு பேருக்கு மேல் காயம். ஆயிரம் கறுப்புக் குடும்பங்கள் வரை வீடிழந்தன.

சரி, கதை இங்கேதான் தொடங்குகிறதா? 1917 ஜூலை முதல் 1921 மார்ச் வரை, அதே நகரத்தில், கறுப்பர்கள் புதிதாகக் குடிவந்த வீடுகள்மீதும் அவர்களுக்கு வீடு விற்றவர்கள்மீதும் 58 குண்டுகள் வீசப்பட்டன. ஜெஸ்ஸி பிங்கா என்கிற கறுப்பின வங்கியாளரின் வீட்டில் திரும்பத் திரும்பக் குண்டு விழுந்தது. இந்தக் குண்டுகளுக்கு யாரும் கலவரம் என்று பெயர் வைக்கவில்லை. அது ‘அக்கம்பக்கத்துப் பிரச்சினை’. கலவரம் என்றால் இரண்டு பக்கமும் சாக வேண்டும் போலிருக்கிறது!

கலவரத்துக்குப் பிறகு ஆறு வெள்ளையரும் ஆறு கறுப்பருமாக ஒரு விசாரணைக் குழு போட்டார்கள். 1922இல் அறிக்கை வந்தது, அறுநூறு பக்கத்துக்கு மேல். அந்த 58 குண்டுகளை எண்ணி வைத்ததும் இந்த அறிக்கைதான். அதன் உழைப்பில் பெரும்பங்கு சார்ல்ஸ் ஜான்சன் என்கிற இளம் கறுப்பு ஆய்வாளருடையது. ரொம்ப நல்ல அறிக்கை. நல்ல அறிக்கை என்பதால்தான் 1967இல் கெர்னர் குழு முன்னால் சாட்சி சொல்ல வந்த உளவியலாளர் கென்னத் கிளார்க், இதை வாசிப்பதும் 1935, 1943 ஹார்லெம் அறிக்கைகளை வாசிப்பதும் 1965 வாட்ஸ் அறிக்கையை வாசிப்பதும் எல்லாம் ஒன்றுதான் என்று சலித்துக்கொண்டார். அதே ஆய்வு, அதே பரிந்துரை, அதே சும்மா இருத்தல். கலவரம், அறிக்கை, மௌனம் என்கிற வரிசை ஓர் இலக்கிய வகை மாதிரி இறுகிப்போயிருந்தது.

அறிக்கையின் மொழிக்குப் பின்னால் சிகாகோ பல்கலைக்கழகத்துச் சமூகவியல் நின்றது. ஜான்சன் அங்கே ராபர்ட் பார்க்கின் மாணவர். பார்க்கும் பர்ஜெஸ்ஸும் நகரத்தை வாசித்த விதம் உலகம் முழுக்கப் பாடநூலாயிற்று. தாவரச் சூழலியலிலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்ட இரண்டு சொற்கள் முக்கியம்: ‘படையெடுப்பு’, ‘வழிவருகை’. ஒரு செடியினம் இருந்த இடத்தில் இன்னொரு செடியினம் புகுந்து பரவுவதுபோல நகரத்தில் ஒரு கூட்டம் இருந்த தெருவில் இன்னொரு கூட்டம் புகுகிறதாம். பெட்டி படுக்கையோடு, முன்பணம் கொடுத்து, பத்திரம் எழுதிக்கொண்டு வருகிற குடும்பம் படையெடுப்பாளர். ராத்திரி வந்து குண்டு போடுகிறவனுக்கு இந்த அகராதியில் தனிப்பெயர் இல்லை, அவன் ‘எதிர்வினை’. சொல்லாடல் என்று நாம் வாய் ஓயாமல் சொல்கிறோமே, அது என்ன வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. இதே பல்கலைக்கழக நிர்வாகம் தன்னைச் சுற்றியிருந்த தெருக்களில் கறுப்பரை வரவிடாமல் தடுத்த வீட்டுச் சொந்தக்காரர் சங்கங்களுக்குப் பணம் கொடுத்தது. சமூகவியல் துறை மாடியில், கணக்கப்பிள்ளை கீழே.

எம்.ஏ. தமிழ் படித்தவனுக்கு இந்த இடத்தில் திணை ஞாபகம் வராமல் இருக்காது. நிலம் முதற்பொருள், நிலத்தை ஒட்டி மனிதர், தொழில், ஒழுக்கம். பாலைக்கு வழிப்பறி, அதைச் செய்ய எயினர், மறவர். வகுப்பில் இதை இயற்கையோடு இயைந்த வாழ்வு என்று சொல்லிக்கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் பாலை தனி நிலம் இல்லை, முல்லையும் குறிஞ்சியும் முறை திரிந்து ஆவதுதான் பாலை என்று சிலப்பதிகாரம் சொல்லி வைத்திருக்கிறது. அதாவது அது ஆன நிலம், இருந்த நிலம் இல்லை. காப்பியத்தில் அதற்கு வெயில் காரணம். சிகாகோவில் வெயில் இல்லை, ஆட்கள் இருந்தார்கள். பெயர், பதவி, முத்திரை எல்லாம் உள்ள ஆட்கள்.

அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், விவரம் நிறைய நூல்களில் கிடைக்கிறது. 1910இல் சிகாகோவில் கறுப்பர் 44,000 பேர், 1930இல் 2,33,000 பேர். தெற்கு மாநிலங்களின் பருத்திக் காட்டையும் கும்பல் கொலையையும் விட்டு ரயிலேறி வந்தவர்கள். அவர்களுக்கென்று இருந்த நீளமான குறுகிய பட்டையை அகலப்படுத்த நகரம் சம்மதிக்கவில்லை. 1917இல் நில வணிகர் வாரியம் ஒரு தெரு நிரம்பிய பிறகே அடுத்த தெரு என்று தீர்மானம் போட்டது. அப்புறம் பத்திரங்களிலேயே எழுதினார்கள், இந்த வீட்டைக் கறுப்பருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்று. 1934இல் உருவான கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் வீட்டுக்கடனுக்கு உத்தரவாதம் தந்தபோது இந்தப் பத்திர நிபந்தனையைச் சிபாரிசே செய்தது. கறுப்பர் வாழும் பகுதிகளுக்கு அரசு நிறுவனத்தின் வரைபடத்திலேயே சிவப்பு. 1948இல்தான் இப்படிப்பட்ட பத்திரங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்தக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தனியார் அப்படி எழுதிக்கொள்வதை அது தடுக்கவில்லை.

இப்போது ரிச்சர்ட் ரைட்டின் ‘நேட்டிவ் சன்’ நாவலுக்கு வருகிறேன். ரைட் 1927 முதல் பத்து வருஷம் சிகாகோவில் இருந்தவர். நாவல் 1940இல் வந்தது. தொடக்கத்தில் கடிகார மணி அடிக்கிறது. ஒரே அறை. அம்மா, தங்கை, தம்பி, பிக்கர் தாமஸ். பெண்கள் உடை மாற்றும்போது ஆண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். ஓர் எலி வருகிறது. பிக்கர் அதை இரும்பு வாணலியால் அடித்துக் கொல்கிறான், செத்த எலியைத் தூக்கித் தங்கையிடம் ஆட்டி அவளை மயக்கம்போட வைக்கிறான். இந்த அறைக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் உண்டு. தமிழில் அதை ‘சிறு சமையலறை’ என்றெல்லாம் பெயர்த்தால் சிரிப்புதான் வரும். நம்மிடம் ‘ஒண்டுக்குடித்தனம்’ என்று அச்சாக ஒரு சொல் இருக்கிறது. வெள்ளைக் குடும்பம் ஒன்று இருந்த ஏழு அறை வீட்டை ஏழு துண்டாக்கி ஏழு குடும்பத்துக்கு விடுவது. ரைட் 1941இல் எழுதிய இன்னொரு நூலில் கணக்கே போட்டுக் காட்டுகிறார்: வெள்ளையர் மாதம் 50 டாலர் கொடுத்த வீடு, துண்டு போட்டபின் வாரத்துக்கு 42 டாலர் தருகிறது.

பிக்கர் வீட்டு வாடகை வாரம் எட்டு டாலர். அவனுக்குக் கார் ஓட்டும் வேலை கிடைப்பது டால்டன் என்கிற பணக்காரர் வீட்டில். டால்டன் கறுப்பர் நலனுக்கு லட்சக்கணக்கில் நன்கொடை கொடுத்தவர். நல்ல மனுஷன். பிக்கர் குடும்பத்தின் எட்டு டாலர் போய்ச் சேரும் வீட்டு நிறுவனமும் அவர் கையில்தான் இருக்கிறது. முதல் நாள் இரவே, டால்டனின் மகள் மேரி குடித்துவிட்டு நிற்கமுடியாமல் இருக்க, அவளை அறைக்குத் தூக்கிப் போகிறான் பிக்கர். பார்வையற்ற தாய் உள்ளே வருகிறாள். வெள்ளைப் பெண்ணின் படுக்கையறையில் கறுப்பன் இருப்பது தெரிந்தால் என்ன ஆகும் என்கிற பயத்தில் மேரி சத்தம் போடாதபடி தலையணையை அழுத்துகிறான். அவள் செத்துப்போகிறாள். உடலை உலையில் போட்டு எரிக்கிறான். பிறகு காதலி பெஸ்ஸியைச் செங்கல்லால் அடித்துக் கொல்கிறான். வேட்டை, கைது, வழக்கு, மின்சார நாற்காலி.

நம் இடதுசாரி நண்பர்கள் இந்த நாவலைப் பேசினால் வக்கீல் மாக்ஸின் நீண்ட நீதிமன்ற உரையைத்தான் பேசுவார்கள். எனக்கு அந்த உரை அலுப்பூட்டுகிறது. நாவல் காட்டியதையெல்லாம் மறுபடியும் விளக்கிச் சொல்கிற உரை அது. அதற்கு முன்னால் பிரேத விசாரணையில் இதே மாக்ஸ் டால்டனைக் குறுக்கு விசாரணை செய்கிற சில பக்கங்கள் இருக்கின்றன, நாவலின் உயிர் அங்கே இருக்கிறது. ஏன் கறுப்பரிடம் அதிக வாடகை? வீட்டுப் பற்றாக்குறை. நகரம் முழுக்கவா பற்றாக்குறை? இல்லை, அந்தப் பகுதியில். வேறு பகுதியில் உங்கள் வீடுகள் இருக்கின்றனவே, அங்கே ஏன் கொடுப்பதில்லை? அது பழைய வழக்கம். அவர்களும் சேர்ந்திருக்கத்தானே விரும்புகிறார்கள். நன்கொடையில் என்ன வாங்கிக் கொடுத்தீர்கள்? பிங்பாங் மேசைகள்! மேடைப் பேச்சு இல்லை, வசை இல்லை. வாடகைக்கும் தர்மத்துக்கும் கொலைக்கும் உள்ள கணக்கு அப்படியே விழுகிறது. இன்னோர் இடம்: போலீஸ் வீடுவீடாகத் தேடும்போது காலி வீட்டில் ஒளிந்துகொள்ள இடம் தேடுகிற பிக்கர், ரொட்டி வாங்கப் போகிறான். கறுப்பர் பகுதியில் ரொட்டி ஐந்து சென்ட், கோட்டுக்கு அந்தப் பக்கம் நாலு சென்ட் என்று அப்போது அவனுக்கு ஞாபகம் வருகிறது. தூக்குக்குத் தேடப்படுகிறவனுக்கு ஒரு சென்ட் வித்தியாசம் ஞாபகம் வருவது, அதுதான் ரைட்.

ஜேம்ஸ் பால்ட்வின் இந்த நாவலை இரண்டு கட்டுரைகளில் (1949, 1951) கடுமையாகத் தாக்கினார். எதிர்ப்பு நாவல் என்கிற வகையே மனிதரை வகைமாதிரியாகச் சுருக்குகிறது, பிக்கர் என்பவன் டாம் மாமாவின் வாரிசு, வெள்ளையர் கற்பனை செய்துவைத்த பூதத்தை ரைட் எடுத்து அப்படியே நடமாட விட்டிருக்கிறார் என்பது அவர் வாதத்தின் சாரம். பாதி சரி என்பேன். பிக்கருக்குப் பேசுவதற்கு ஆள் இல்லை. சர்ச்சும் பாட்டும் கேலியும் கிசுகிசுவும் நிறைந்த கறுப்பர் வாழ்க்கை நாவலில் வெளியே நின்றுவிடுகிறது. பூதம் பற்றி? 1938இல் சிகாகோவில் ராபர்ட் நிக்ஸன் என்கிற கறுப்பு இளைஞன்மீது ஒரு வெள்ளைப் பெண்ணைச் செங்கல்லால் அடித்துக் கொன்றதாக வழக்கு நடந்தது. ‘சிகாகோ ட்ரிப்யூன்’ அவனைக் காட்டு மிருகமாக வர்ணித்து எழுதிற்று. ரைட் அந்தக் கத்தரிப்புகளைச் சேகரித்து வைத்துக்கொண்டு நாவலில் வரும் பத்திரிகைச் செய்திகளுக்குப் பயன்படுத்தினார். ஆக, பூதத்தைக் கட்டுகிற பட்டறை எது என்பதும் நாவலுக்குள்ளேயே இருக்கிறது. பால்ட்வின் அந்தப் பட்டறையைப் பார்க்கவில்லை, எட்டு டாலரையும் பார்க்கவில்லை. அவருடைய பலம் வேறு. 1943 ஆகஸ்டில் அப்பாவின் சவ அடக்கத்தன்று ஹார்லெமில் கலவரம் நடந்ததைப் பற்றிப் பின்னால் எழுதினாரே, அதில் ஒரு தெருவின் கசப்பு ஒரு மகனுக்குள் எப்படி இறங்குகிறது என்று காட்டினார். அது ரைட்டால் முடியாத காரியம்.

பால்ட்வின் தொடாத ஒன்றை நாம் தொடவேண்டியிருக்கிறது. பெஸ்ஸி. வழக்கு நடப்பது மேரிக்காக. பெஸ்ஸியின் உடலைப் பிரேத விசாரணைக்கு எடுத்துவந்து எல்லோர் முன்னாலும் காட்டுகிறார்கள். எதற்கு? மேரியை எப்படிக் கொன்றிருப்பான் என்பதற்குச் சாட்சியாக. ஒரு கறுப்புப் பெண்ணின் கொலை, வெள்ளைப் பெண்ணின் கொலைக்கு ஆதாரக் காகிதம். ரைட்டுக்கு இது தெரியும். பிக்கரையே அதை உணர வைக்கிறார். ஆனால் நாவலும் அவளை வேறு எப்படி நடத்துகிறது? வெள்ளைக்காரி சமையலறையில் வாரம் முழுக்க உழைத்துக் களைத்தவள் சாவதற்கு முன் கொஞ்சம் அழுதுகொண்டே பேசுகிறாள், அவ்வளவுதான் அவளுக்கு ஒதுக்கிய இடம். அவளைக் கொன்ற பிறகு பிக்கருக்குச் சுதந்திர உணர்வு மாதிரி ஒன்று வருவதை ரைட் எழுதுகிறபோது எனக்கு ஒப்பவில்லை. வன்முறை ஒடுக்கப்பட்டவனைத் தன்னிலை ஆக்குகிறது என்று ஃபனானைச் சாட்சிக்கு அழைத்துப் பேசுகிறவர்கள், அந்தத் தன்னிலைக்கு அடியில் யார் உடல் கிடக்கிறது என்று ஒருதடவை குனிந்து பார்க்கட்டும்.

லொரைன் ஹான்ஸ்பெரி விஷயத்துக்கு வருவோம். 1937இல் அவருடைய அப்பா கார்ல் ஹான்ஸ்பெரி வெள்ளையர் பகுதியில் பத்திரத் தடை உள்ள ஒரு வீட்டை வாங்கிக் குடிபோனார். சிறுமி லொரைனுக்கு ஏழெட்டு வயது. ஜன்னலை உடைத்துக்கொண்டு வந்த செங்கல் அவர் தலையில் படாமல் தப்பியது. அப்பா வழக்குக்காக அலைய, அம்மா ராத்திரியெல்லாம் குண்டு நிரப்பிய லூகர் துப்பாக்கியோடு காவல் இருந்தார். 1940இல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள், ஆனால் சட்ட நுணுக்கம் ஒன்றின்மேல். பத்திரத் தடை பற்றி நீதிமன்றம் வாயைத் திறக்கவில்லை. இந்த வீட்டில் வளர்ந்த பெண்தான் 1959இல் ‘எ ரெய்சின் இன் தி சன்’ நாடகத்தோடு பிராட்வேக்கு வந்தார். அதில் வெள்ளையர் குடியிருப்புச் சங்கத்துப் பிரதிநிதி லிண்ட்னர் ரொம்ப மரியாதையாக வருகிறார், உட்காருகிறார், நீங்கள் வராமல் இருப்பதற்கு நாங்கள் பணம் தருகிறோம் என்கிறார். கத்தவே இல்லை. குடும்பம் மறுத்துவிட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றுவதோடு நாடகம் முடிகிறது. பார்த்தவர்கள் சந்தோஷமான முடிவு என்று கைதட்டிப் போனார்கள். வண்டி போய் நிற்கிற தெருவில் என்ன காத்திருக்கிறது என்பது எழுதியவருக்குச் சின்ன வயதிலேயே தெரியும்.

கைதட்டியவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். நாடகம் வருவதற்கு எட்டு வருஷம் முன்னால், 1951 ஜூலையில், சிகாகோவை ஒட்டிய சிசரோவில் ஹார்வி கிளார்க் என்கிற பஸ் ஓட்டுநர் குடும்பத்தோடு ஒரு வீட்டுக்குக் குடிபோக முயன்றார். ஆயிரக்கணக்கில் கும்பல் கூடி அந்தக் கட்டடத்தைச் சூறையாடியது. பியானோவைக்கூட ஜன்னல் வழியே வெளியே தள்ளினார்கள். மாநில ஆளுநர் தேசியக் காவற்படையை அனுப்பிய பிறகுதான் அடங்கிற்று. குற்றச்சாட்டு யார்மேல் பதிவாயிற்று என்று நினைக்கிறீர்கள்? கட்டடத்தின் சொந்தக்காரி, வாடகை முகவர், வக்கீல் ஆகியோர்மேல். கறுப்பருக்கு வீடு கொடுத்துக் கலவரத்தைத் தூண்டிவிட்டார்களாம்! பிறகு அது தள்ளுபடி ஆனது என்பது வேறு விஷயம். படையெடுப்பு, எதிர்வினை என்று சமூகவியல் தாவரங்களை வைத்துச் சொன்னதைப் பெருநடுவர் குழு சட்டத்தை வைத்துச் சொன்னது.

1966 ஜூலையில் மேற்குப் பகுதியில் நடந்ததற்கும் ஒரு சின்னத் தொடக்கம் உண்டு. கடும் வெயில். பிள்ளைகள் தீயணைப்புக் குழாயைத் திறந்துவிட்டு விளையாடினார்கள், போலீஸ் வந்து மூடிற்று. கறுப்பர் பிள்ளைகள் போகக்கூடிய நீச்சல் குளம் பக்கத்தில் இல்லை. பல நாள் தெரு எரிந்தது. அடுத்த மாதமே மார்ட்டின் லூதர் கிங் வீட்டுரிமைக்காக மார்க்கெட் பூங்காவில் ஊர்வலம் போய்த் தலையில் கல்லடி வாங்கினார். மிசிசிப்பியில்கூட இத்தனை வெறுப்பைப் பார்த்ததில்லை என்கிற பொருளில் அவர் சொன்னது பிரசித்தம். இதைக் கலவரம் என்று யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? 1968 ஏப்ரலில் கிங் கொல்லப்பட்டபோது மேற்குப் பகுதி எரிந்ததும், தீ வைப்பவரைச் சுட்டுக் கொல்லச் சொன்னேன் என்று மேயர் டேலி முழங்கியதும்தான் நினைவில் நிற்கிறது.

கடைசியாகக் க்வெண்டலின் ப்ரூக்ஸ். 1950இல் புலிட்சர் பரிசு பெற்ற முதல் கறுப்பு எழுத்தாளர். இளம் வயதில் மெக்கா என்கிற பெரிய அடுக்குக் கட்டடத்தில் மருந்தும் தாயத்தும் விற்ற ஒரு ஆசாமியிடம் வேலை பார்த்தவர். மெக்கா 1890களில் உலகக் கண்காட்சிக் காலத்தில் கட்டிய பகட்டான கட்டடம். கறுப்பர்கள் வந்த பிறகு பராமரிப்பை நிறுத்தி ஒண்டுக்குடித்தனமாக நெரியவிட்டு, 1952இல் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் தன் வளாகத்துக்காக இடித்தது. அங்கே மீஸ் வான் டெர் ரோவின் கண்ணாடி மண்டபம் எழுந்தது. கட்டடக்கலை மாணவர்கள் இன்றும் யாத்திரை போகிறார்கள். 1968இல் வந்த ‘இன் தி மெக்கா’ நெடுங்கவிதையில் ஒரு தாய் வேலையிலிருந்து வீடு திரும்புகிறாள். ஒன்பது பிள்ளைகளில் கடைசிப் பெண் பெபிட்டாவைக் காணோம். கதவு கதவாகத் தட்டிக் கேட்கிறாள். ஒவ்வொரு கதவும் திறந்து ஒரு குரல் வருகிறது: கவிஞன், கிழவி, புரட்சி பேசுகிறவன், பைத்தியம். யாரும் பார்க்கவில்லை. பக்கத்து அறைக்காரன் ஒருவனின் கட்டிலுக்கு அடியில் குழந்தை பிணமாகக் கிடக்கிறது. கொன்றவனும் கறுப்பன்.

கறுப்பரைக் கறுப்பரே கொல்கிறார்களே, அதற்கு என்ன சொல்கிறீர்கள் என்கிற கேள்வி அமெரிக்கத் தொலைக்காட்சியில் சலிக்காமல் வருகிறது. நம்மூரிலும் இதற்குச் சமமான கேள்வி உண்டு, சேரிக்குள்ளே நடக்கிற வெட்டுக் குத்தைக் காட்டி. ப்ரூக்ஸ் அந்தக் கேள்விக்குப் பயப்படவில்லை, கொலைகாரனுக்கு வக்காலத்தும் வாங்கவில்லை. அவர் செய்தது, செய்தித்தாளில் இரண்டு வரிகூட வாங்காத ஒரு குழந்தையைத் தேடுவதற்கு முழுக் கட்டடத்தையும் நடக்க வைத்தது. ரைட் பெஸ்ஸிக்குத் தராததை அவர் பெபிட்டாவுக்குத் தந்தார். அடுத்த ஆண்டு ‘ரயட்’ என்கிற சிறு கவிதை நூலைப் பெரிய வெளியீட்டாளர்களை விட்டுவிட்டு டெட்ராய்டில் டட்லி ராண்டல் நடத்திய கறுப்பர் பதிப்பகத்தில் போட்டார். தலைப்பே கலவரம். ஆனால் தொடக்கத்தில் நாம் சந்திப்பது பரம்பரைப் பணக்கார வெள்ளைக் கனவான் ஒருவர். உணவு, ஓவியம், உயர்ந்த ரசனை எல்லாம் உள்ளவர். தெருவில் எதிரே வருகிறவர்களின் வாடை தன்மேல் பட்டுவிடுமோ என்று கூசிக்கொண்டே சாகிறார். கலவரத்தின் இலக்கணத்தை எழுவாயிலிருந்து மாற்றிப் போடுவது என்றால் இதுதான்.

ரைட்டின் எட்டு டாலர் 1940களோடு முடிந்துவிடவில்லை. 1950களிலும் 60களிலும் வங்கிக் கடன் கிடைக்காத கறுப்பர்களுக்குத் தரகர்கள் ‘ஒப்பந்த’ முறையில் வீடு விற்றார்கள். பயந்து ஓடுகிற வெள்ளையரிடம் அடிமாட்டு விலைக்கு வாங்கிக் கொள்ளை விலைக்கு விற்பது. கடைசித் தவணை கட்டும்வரை பத்திரம் தரகர் பேரில். ஒரு தவணை தப்பினால் வீடும் போச்சு, கட்டிய காசும் போச்சு. 1968இல் வடக்கு லான்டேலில் இவர்கள் சங்கமாகத் திரண்டு தவணையை நிறுத்திப் போராடினார்கள். இந்த முறையில் சிகாகோக் கறுப்பர்கள் இழந்தது இன்றைய மதிப்பில் 300 கோடி முதல் 400 கோடி டாலர் வரை இருக்கும் என்று 2019இல் டியூக் பல்கலைக்கழக ஆய்வு கணக்கிட்டது. அரசு கட்டிக்கொடுத்தது என்ன? ராபர்ட் டெய்லர் குடியிருப்பு: 1962இல் முடிந்தது, பதினாறு மாடியில் 28 கோபுரங்கள், விரைவுச் சாலை ஓரமாக ஒரே வரிசையில். 2007க்குள் அத்தனையையும் இடித்துத் தள்ளிவிட்டார்கள்.

2014 அக்டோபரில் லக்வான் மக்டொனால்டை ஒரு போலீஸ்காரர் பதினாறு முறை சுட்டார். அவனுக்கும் பதினேழு வயது. கையில் கத்தியோடு போலீஸை நோக்கிப் பாய்ந்துவந்தான் என்று அங்கிருந்த போலீஸார் அறிக்கை எழுதினார்கள். பதின்மூன்று மாதம் கழித்து நீதிமன்ற உத்தரவால் வெளியான காட்சிப்பதிவில் அவன் விலகி நடந்துபோகிறான். சுட்டவர் குற்றவாளி என்று 2018இல் தீர்ப்பு வந்தது. பொய்யாக எழுதியதாகக் குற்றம் சாட்டப்பட்ட மூன்று போலீஸார் 2019இல் விடுதலை ஆனார்கள். 2020 மே 30 அன்று ஊர்வலங்கள் நடுநகரை நெருங்கியபோது மாநகராட்சி ஆற்றுப் பாலங்களைத் தூக்கி நிறுத்திவிட்டது. ஏரித் தண்ணீரில் இருந்த கோட்டைப் போல இல்லை, இது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது.

மொழிபெயர்ப்புப் பற்றி ஒரு வார்த்தை. சிகாகோவின் கறுப்பர் பகுதிகளைச் ‘சேரி’ என்று தமிழில் எழுதுகிறார்கள். ஊரும் சேரியும் பிறப்பால், பரம்பரைத் தொழிலால் பிரிந்தவை. அங்கே வாடகை ஏற்றுகிற டால்டன் தேவைப்படவில்லை. இரண்டையும் ஒன்றாக்கினால் இரண்டையும் இழப்போம். சங்கப் பாடல்களில் சேரி என்பது வெறும் குடியிருப்புத்தான் என்பதையும், அந்தச் சொல் எப்போது யாரால் கீழே தள்ளப்பட்டது என்பதையும் தனியாக எழுத வேண்டும். ஒப்பிடலாம், ஒப்பிட்டிருக்கிறார்கள்: 1946இல் அம்பேத்கர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, கறுப்பர்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் பிரதி கேட்டார். 1972இல் பம்பாயில் தலித் பாந்தர்கள் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து பெயரை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் இரண்டு இடத்தின் கணக்கையும் தெரிந்துகொண்டு ஒப்பிட்டவர்கள்.

ரைட்டைத் தமிழில் செய்ய யாராவது புறப்பட்டால் 1940 பதிப்பை எடுத்துக்கொள்ள வேண்டாம். புத்தகக் கழகத்தின் விருப்பத்துக்காக அதில் வெட்டப்பட்ட பகுதிகள் 1991 பதிப்பில் திரும்ப வந்திருக்கின்றன. திரையரங்கில் மேரி டால்டனைப் பிக்கர் முதன்முதலாகச் செய்திப் படத்தில் பார்க்கிற காட்சியும் அதில் ஒன்று. டால்டன் குறுக்கு விசாரணையைச் சுருக்காதீர்கள். பெஸ்ஸி அழுதுகொண்டு பேசுகிற பக்கத்தை முழுசாகப் போடுங்கள்.